கனகராஜின் கையை அமுக்கியவர்கள்

ஆட்டிறைச்சி வாங்க வருகிறவர்கள் இறைச்சியை அமுக்கிப் பார்ப்பது கனகராஜுக்குப் பழகிப்போன சங்கதி. தொடையை அழுத்துவார்கள், விலாவைக் கிள்ளுவார்கள், ஈரலை முகர்ந்து முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்த முகத்தோடு அதையே அரைக்கிலோ வாங்கிப் போவார்கள். கடைக்காரரையும் ஒருநாள் அப்படி அமுக்கிப் பார்ப்பார்கள் என்றுதான் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் மங்களம். மலேசியாவின் ஈப்போ ஊரில், குனோங் ராபாட் பாசார் என்கிற சந்தையில் எந்தக் கடையில் எது அழுகியிருக்கிறது, எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அத்துப்படியான அம்மாள். ஒரு சனிக்கிழமை காலை, கனகராஜ் குடல் கழுவுவதற்காகச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்த நேரமாகப் பார்த்து வந்து நின்றார்.

"என்னா கனகு இது, தோலுக்குள்ள கோலிக்குண்டு வச்சிருக்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சற்றுமுன் ஆட்டுக்குடலைப் புரட்டிப் பார்த்த அதே இரண்டு விரல்களால் அவர் முன்கையைப் பிடித்து, கட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார்.

"விடுங்கக்கா. அது சும்மா கட்டி."

"சும்மா எப்படிப்பா கட்டி வரும்? இங்கயும் ஒன்னு இருக்கு. இந்தக் கையிலயுமா? சீ, வழுக்குதுலா."

சீ என்று சொன்னவர் கையை எடுத்தாரா என்றால் இல்லை. ஒவ்வொன்றாகத் தடவி, இன்னும் எங்கே இருக்கிறது என்று கேட்டு, வயிற்றிலும் உண்டு என்று தெரிந்ததும் சட்டையைத் தூக்கச் சொன்னார். கனகராஜ் தூக்கவில்லை. அதற்குள் பக்கத்துக் கீரைக்கடையிலிருந்து ஒரு கை, பின்னால் நின்ற ஒருவருடைய கை என்று வரிசையாக வந்துவிட்டன. மல்லித்தழை ஈரம், மீன் செதில், இஞ்சி மண் எல்லாம் அவர் முழங்கையில் ஒட்டின. அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைப் போட்டுத் தோள்வரைக்கும் தேய்த்தார்.

சொல்லப்போனால், அந்தக் கட்டிகள்மேல் அவருக்கு இருந்த அருவருப்புக்குப் பக்கத்தில் மற்றவர்களுடையது ஒன்றுமே இல்லை. முப்பது வருடமாக இறைச்சி வெட்டுகிற விரல்கள் அவருடையவை. "அண்ணே, கொழுப்ப எடுத்துட்டுக் குடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. வழித்து வழித்து மேசைக்கு அடியில் இருக்கும் வாளியில் போடுவார். முதல் கட்டி முளைத்த காலத்தில், குளித்துவிட்டுத் துவட்டும்போது தற்செயலாக விரல் பட்டது. அது என்ன என்பது விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனத்துக்குத்தான் வருடக்கணக்கில் தெரியவில்லை. வாளியில் கிடக்கிற சாமான் தன் தோலுக்கு அடியிலும் கிடக்கிறது என்று தோன்றிய அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து ஈப்போ வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். நாலு கட்டி பத்தாகி, பத்துக்கு மேலும் ஆயிற்று. எதுவும் வலிக்கவில்லை, உடையவில்லை, ஓடவுமில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள் மாதிரி சும்மா இருந்தன.

மனைவி கலாதேவி ஒரு தடவை வைத்தியம் பார்த்தார். பரு, சிரங்கு, சிலந்திக்கட்டி எதுவானாலும் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து அப்பினால் பழுத்து உடைந்துவிடும் என்பது ரப்பர் தோட்டத்தில் அவர் வீட்டு வழக்கம். இரண்டு நாள் அப்பினார். தோல் வெந்து சிவந்தது. கட்டி அப்படியே இருந்தது.

"ஒங்க ஒடம்பு எதுக்குமே அசையாதுங்க" என்றார் கலாதேவி. மருந்து தோற்றதற்கு நோயாளியைக் குறை சொல்லி முடித்துக்கொண்டார்.

இதெல்லாம் கனகராஜ் சகித்துக்கொள்ளக் கூடியதே. சகிக்க முடியாதது மங்களம் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போன அடுத்த வாரம் வந்தது.

லகாட் ஊரைத் தாண்டிப் போனால் கல்லுமலைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையில் பாதி போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. வரிசை வீடுகளின் பின்சந்துக்கும் மிச்சமிருக்கும் செம்பனைக்கும் நடுவில் முனியாண்டி கோயில் மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது. ஈப்போவிலும் லூமுட்டிலுமாகச் சிதறிப்போன தோட்டத்துச் சனம் வருடத்துக்கு ஒருமுறை பூசைக்குக் கூடும். ஆடு வெட்டுகிற கத்தி கனகராஜ் குடும்பத்துக் கைக்குத்தான் வரும். அப்பாவுக்குப் பிறகு அவர். மற்ற நாளில் அவரை "ஏய் ஆட்டுக்காரு" என்று கூப்பிடுகிறவர்கள்கூட அன்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த ஒரு நாள் காலையை நினைத்துக்கொண்டுதான் அவர் மற்ற நாளெல்லாம் எலும்பு வெட்டினார்.

பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயில் தலைவர் தனேஸ்வரன் கடைக்கு வந்தார். ஆயுள் காப்புறுதி விற்கிறவர். அதனால் யார் எப்போது எப்படிச் சாவார்கள் என்பதில் ஓர் ஈடுபாடு உள்ளவர்.

"மச்சான், இந்த வருஷம் நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

"எனக்கென்னா, நல்லாதான் இருக்கேன்."

"ஒடம்புக்குச் சொல்லலலா. சனம் பேசுது. போன வருஷம் ஆடு துளுக்கல, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா. ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பை உதறவேண்டும். அதற்குத் துளுக்குவது என்று பெயர். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது; அதற்குமுன் கத்தியைத் தூக்கக்கூடாது. போன வருடத்து ஆடு உதறவில்லை. கோயிலையே வாங்க வந்த ஆள் மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றது. நேரம் போயிற்று. சமையல்காரர் அண்டாவை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். கடைசியில் தனேஸ்வரன் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முதுகில் கவிழ்த்தார். ஆடு என்ன செய்யும்? உதறிற்று. எல்லோரும் கும்பிட்டார்கள். கனகராஜ் வெட்டினார்.

"அதுதான் சாமி குத்தமாயிடுச்சுங்கறாங்க. கையில கட்டியா போட்டு விட்டுருச்சாம்."

"இது பத்து வருஷமா இருக்குண்ணே. தவிர, தண்ணிய ஊத்துனது நீங்க."

"ஊத்துனது நான்தான்லா, யாரு இல்லன்னா? ஆனா வெட்டுனது ஒன் கை. கட்டி யாரு கையில வந்திருக்கு பாரு."

கனகராஜ் வெட்டத் தேவையில்லாத ஓர் எலும்பை எடுத்துக் கொத்தினார். தனேஸ்வரன் இரண்டு கிலோ வாங்கினார். பையைக் கொடுத்தபோது அதன் காதைமட்டும் நகநுனியால் பிடித்து, கனகராஜின் விரல் படாமல் வாங்கிக்கொண்டார். அந்தக் கையால் வெட்டிய கறி அவருக்கு ஆகும். கைதான் ஆகாது.

கட்டிகளை அறுத்து எடுத்துவிட்டால் கத்தி திரும்ப வந்துவிடும் என்று கனகராஜ் கணக்குப் போட்டார். அரசாங்கக் கிளினிக்கில் காலையிலேயே போய் உட்கார்ந்தார். டாக்டர் கேரன் என்கிற தமிழ்ப்பெண். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"தொட்டுப் பாக்கலாமா அங்கிள்?"

கனகராஜ் சட்டைக் கையைத் தானாகவே சுருட்டிவிட்டார். இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

"பாருங்க டாக்டர்."

ஒவ்வொன்றாக அழுத்தினார், ஓரத்திலிருந்து தள்ளிப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல."

"திடீர்னு பெருசாச்சா?"

"வருஷக்கணக்கா இப்படியேதான்."

"லிப்போமா அங்கிள். தோலுக்கு அடியில கொழுப்பு மெல்லிசா ஒரு உறைக்குள்ள சேர்ந்து உருண்டு நிக்குது. அமுக்குனா மெத்துன்னு இருக்கு, தள்ளுனா நகருது. ஒன்னும் பண்ணாது. கேன்சர் இல்ல, அடுத்தவங்களுக்கு ஒட்டாது."

"ஆட்டுல இருக்குமே, அந்த மாதிரி கொழுப்பா?"

"கொழுப்பு கொழுப்புதான்."

"நான் கொழுப்ப வாயிலயே வைக்கறது இல்லயே."

"சாப்பிடறதால வாரது இல்ல. எளைச்சுப்போயி இருக்கறவங்களுக்கும் வரும். இப்படி நெறைய இருந்தா பரம்பரையா இருக்கலாம். அப்பாவுக்கு இருந்திச்சா?"

கனகராஜ் யோசித்தார். தோட்டத்து வெயிலிலும், கிணற்றடியிலும், பூசையிலும், சாகக் கிடந்த கட்டிலிலும் அப்பா முழுக்கைச் சட்டையில்தான் கண்முன் வந்தார்.

"தெரியல டாக்டர். அவரு சட்டைய கழட்டி நான் பாத்ததே இல்ல."

அறுத்து எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம், ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துத் தேதி வரக் காத்திருக்கவேண்டும். இத்தனையையும் எடுத்தால் கையெல்லாம் தழும்பாகும். எடுத்தபிறகு காயம் ஆறும்வரை கனமான கத்தி பிடிக்கக்கூடாது. வேறு இடத்தில் புதிதாக முளைத்தாலும் முளைக்கும். ஆக, கட்டி இருந்தால் கத்தியைத் தரமாட்டார்கள், எடுத்தால் கத்தியைத் தூக்க முடியாது.

"ஒன்ன மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் டாக்டர். "எல்லாக் கட்டியும் இது இல்ல. கல்லு மாதிரி கெட்டியா, தள்ளுனா நகராம, சீக்கிரமா வளர்ந்திச்சுன்னா, இல்ல வலிச்சா, ஒடனே வரணும். வீட்டுலயே அமுக்கிப் பாத்து முடிவு பண்ணக் கூடாது."

கனகராஜ் டாக்டர் சொன்னதையெல்லாம் கோயில் வாட்சப் குழுவில் குரல் பதிவாகப் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒரு காலை வணக்கப் படம் வந்தது. "அறிவியல் வேறு, சாமி வேறு" என்று தனேஸ்வரன் எழுதினார். அதற்கும் கும்பிடும் கைகள் வந்தன.

அத்தோடு முடிந்திருக்கவேண்டிய கதை. சீனி கெடுத்தான்.

சீனி பூசையில் உறுமி அடிக்கிறவன். மற்ற நாளில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், எந்நேரமும் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் யோசிக்கிறான். விபத்தைப் பார்த்தால் கார் எண், கனவு வந்தால் கனவுக்கு எண். கறி வாங்குகிற சாக்கில் வந்து இடக்கையில் இத்தனை, வலக்கையில் இத்தனை, வயிற்றில் இத்தனை என்று எண்ணிக்கொண்டு போய், அந்த எண்ணிலேயே சீட்டு வாங்கினான். அடித்துவிட்டது. பெரிய பரிசெல்லாம் இல்லை, ஆறுதல் பரிசுதான். ஆனால் மறுநாள் காலை கடைக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் இறைச்சி வாங்க வந்தவர்கள் குறைவு.

ஒரே இரவில் சாமி குத்தம் சாமி அருளாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கொழுப்பு என்றொரு நிறுத்தம் இருக்கிறதே, அங்கே ஒருவர்கூட இறங்கவில்லை. போன வாரம் கையைப் பார்த்துக் குமட்டியவர்கள் இந்த வாரம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒற்றிக்கொண்டு போய், கடை தாண்டியதும், கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்துத் தேய்த்துக்கொண்டார்கள். கனகராஜ் அதையும் பார்த்தார்.

தனேஸ்வரன் திரும்பி வந்தார். இந்தத் தடவை கையைக் குலுக்கினார். குலுக்கும்போது மணிக்கட்டுக்கு மேலிருந்த ஒன்றைக் கட்டைவிரலால் பக்தியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மச்சான், கத்தி ஒனக்குத்தான். கமிட்டியே சொல்லிடுச்சு."

"டாக்டர் சொன்னது—"

"டாக்டர் சொன்னது டாக்டர்கிட்டயே இருக்கட்டும்லா. சனம் நம்புது, நல்லதுதானே? நீ ஒன்னும் பேச வேணாம். இது கொழுப்பு, அது கொழுப்புன்னு வாயைத் தொறக்காத. அவ்ளோதான் நான் கேக்கறது."

கனகராஜ் சரி என்றார். அப்படிச் சொன்ன தன் வாய்மேல் அவருக்கு வந்த கசப்பு, கட்டிகள்மேல் பத்து வருடமாக வந்ததைவிட அதிகம். இருந்தாலும் சரி என்றார். கத்தி வேண்டியிருந்தது.

பூசை நாள் காலையில் தகரக் கொட்டகைக்குக் கீழே அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கைகளை அவர்களே சுருட்டிவிட்டார்கள். பக்கத்தில் வாழையிலையில் கத்தி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. ஆடு செம்பனை மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. பூசாரி கூப்பிடும்வரை வரிசை. வந்தவர்கள் எல்லோரும் தொட்டார்கள். கைநகத்தில் மருதாணி, விரலில் பலகார எண்ணெய், மூக்கைத் துடைத்த கைக்குட்டையோடு சேர்ந்த விரல். லூமுட்டிலிருந்து வந்த ஒருவர் கட்டியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார். கனகராஜின் முகம் படத்தில் விழவில்லை, அது தேவைப்படவும் இல்லை. இன்னொருவர் தன் முதுகைத் திருப்பி, சட்டையைத் தூக்கி, "எனக்கும் ஒன்னு இருக்குண்ணே, நம்பர் சொல்லுமா?" என்று கேட்டார். வியர்வையில் நனைந்த அந்த முதுகைத் தடவித்தான் பார்க்கவேண்டியிருந்தது. மெத்தென்று நகர்ந்தது. கனகராஜ் கொழுப்பு என்று சொல்லாமல் திருநீறு பூசி அனுப்பினார்.

அப்புறம் மங்களம் வந்தார். சேலைத்தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"இதுக்கும் கொஞ்சம் துன்னூறு வச்சு விடு, கனகு."

கேட்காமலே அவர் கட்டைவிரலைப் பிடித்துத் தன் கழுத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்திக்கொண்டார். கனகராஜ் விரலை எடுக்கவில்லை. கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது. தள்ளினார். நகரவில்லை. இன்னொரு பக்கமிருந்து தள்ளினார்.

"எப்பலேர்ந்துக்கா?"

"பொங்கலுக்குக்கூட இல்ல. அதுக்கப்புறம்தான். இப்ப முழுங்கறப்ப கொஞ்சம் இடிக்குது."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"அது எதுக்கு? ஒனக்குப் பத்து வருஷமா இருக்கே, என்னா ஆச்சு? ஒனக்கு வந்த அருள்தான் எனக்கும் வந்திருக்கு. வச்சு விடு, பின்னால ஆளு நிக்குது."

திருநீற்றுத் தட்டு மடியில் இருந்தது. தனேஸ்வரன் கொட்டகைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாளின் வாய்தான் கத்தியைப் பறித்தது. இதே அம்மாள் வாயை மூடிக்கொண்டு விபூதியோடு வீட்டுக்குப் போனால் கத்தி இன்னும் அரை மணியில் கைக்கு வந்துவிடும். பூசாரி மணியைக் கையில் எடுத்துவிட்டார்.

கனகராஜ் எழுந்து நின்றார்.

"அக்கா, இது வேற. எங்கிட்ட இருக்கறது அருளும் இல்ல, குத்தமும் இல்ல. கொழுப்பு. நான் தெனைக்கும் வழிச்சு வாளியில போடறேனே, அந்தச் சாமான். ஒங்க கட்டி கல்லு மாதிரி இருக்கு, நகர மாட்டேங்குது. டாக்டர்தான் பாக்கணும்."

உறுமி நின்றது. தனேஸ்வரன் வேகமாக வந்து காதுக்கருகில் பேசினார்.

"மச்சான், பூசை முடியட்டும். அப்புறம் தனியா சொல்லிக்கலாம்."

"அப்புறம்னா இவங்க துன்னூற பூசிகிட்டுப் போய்டுவாங்கண்ணே. அடுத்த வருஷம் பூசைக்குத்தான் வருவாங்க. வரணுமே."

"அப்ப என் நம்பரு?" என்றான் சீனி. அவன் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

"அது ஒன் நேரம். போடா."

வரிசையில் சலசலப்பு. சாமி முன்னால் பேசுகிற பேச்சா என்றார் ஒருவர். கையில் மட்டுமில்லை, வாயிலும்தான் கொழுப்பு என்றார் முதுகைக் காட்டியவர். எல்லோரையும்விட அதிகமாகக் கோபப்பட்டவர் மங்களம். நல்ல நாளும் அதுவுமாகத் தனக்கு வியாதி என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டானாம். திருநீற்றுத் தட்டிலிருந்து தானே ஒரு பிடி அள்ளிக் கழுத்தில் அப்பிக்கொண்டு நடந்தார். தனேஸ்வரன் வாழையிலையிலிருந்து கத்தியை எடுத்தார். அதைச் சீனியின் கையில் கொடுத்தபோது கனகராஜைப் பார்க்கவில்லை.

கத்தி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கனகராஜால் முடியவில்லை. தோட்டத்தில் தனக்கென்று மிச்சமிருந்த ஓர் இடம் அது; லயத்து வரிசை வீடு போய், லயமே போய், மரமும் போனபிறகு மிச்சமிருந்தது. தாமான் பின்சந்து வழியாக நடந்து வந்து வேனில் உட்கார்ந்தார். பூசை எப்படி முடிந்தது என்று கலாதேவி சொல்லித்தான் தெரியும். சீனி கோழிகூட அறுத்ததில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டான். பூசாரி ஒரு பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவிக் காரியத்தை முடித்தார். ஆட்டை யாரோ பின்பக்கமாக ஓட்டிப் போனார்கள். கறி மட்டும் எப்படியோ எல்லா இலையிலும் வந்ததாம்.

"நீங்க சாப்பிட்டிருக்கலாம்ங்க, நல்லாத்தான் இருந்திச்சு" என்றார் கலாதேவி.

திங்கட்கிழமை பாசார் விடுமுறை. காலையில் கனகராஜ் மங்களம் வீட்டு வாசலில் போய் வேனை நிறுத்தினார். ஹாரனை அடித்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவே, மானம் போகுமே என்று மங்களம் வெளியே வந்தார். கழுத்தில் சால்வை.

"யாரு ஒன்ன வரச்சொன்னா?"

"ஏறுங்கக்கா. ஒரே ஒரு தடவ டாக்டர் பாத்துட்டு ஒன்னும் இல்லன்னா, ஊரு முன்னால ஒங்க கால்ல விழறேன்."

அந்த வாக்குறுதிதான் மங்களத்தை வேனில் ஏற்றியது. கிளினிக் வரைக்கும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். வேனில் ஆட்டுக்கவிச்சி அடிக்கிறதாம். மனிதர் ஏறுகிற வண்டியா இது என்று கேட்டார். பூசையைக் கெடுத்தவன் என்றார். கனகராஜ் சன்னலை இறக்கிவிட்டு ஓட்டினார். அருவருப்பு இரண்டு இருக்கைகளிலும் சமமாக இருந்தது.

டாக்டர் கேரன் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்த மங்களத்தின் கையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சீட்டு. வேனில் ஏறியதும் அதை இரண்டாக மடித்தார்.

"வியாழக்கிழமை அங்க போயி ஸ்கேன் எடுக்கணுமாம். ஊசி குத்தி உள்ளேருந்து கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்களாம். என்னான்னு இப்ப சொல்ல முடியாதாம்."

"ம்."

"தள்ளிப் போடாம வந்தது நல்லதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

மங்களம் சால்வையை இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். குரலில் பழைய காரம் திரும்புவதற்குச் சிக்னல் விளக்கு ஒன்று தாண்டவேண்டியிருந்தது.

"எல்லாம் ஒன்னாலதான். சும்மா இருந்தவள டாக்டர்கிட்ட இழுத்து வந்து வியாதிக்காரி ஆக்கிட்ட. வியாழக்கிழமை எத்தன மணிக்கு வாருவ?"

"ஏழரைக்கு."

"வேன கழுவிட்டு வா. கொமட்டுது."

கழுவுவதாகச் சொன்னார். கழுவக்கூடாது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார்.